தில்லிக் குளிருக்கு ஆயில் ஹீட்டர்: ஃபின்னை எண்ணாதீர்கள், வாட்டைப் பாருங்கள்

ஐப்பசி முடிவதற்குள் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிதட்டிவிடும். ஆர்.கே.புரமோ முனிர்காவோ மயூர் விஹாரோ, தில்லித் தமிழர் வீடுகளில் ஹீட்டர் பேச்சும் அப்போதே தொடங்கிவிடும். கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஆயில் ஹீட்டர். பெட்டியில் ‘ஆயில் ஃபில்டு ரேடியேட்டர்’ என்று போட்டிருக்கும். சின்ன அறைக்கு ஒன்பது ஃபின் (ஹீட்டரில் வரிசையாக நிற்கும் உலோகத் தகடு), நடுத்தர அறைக்குப் பதினொன்று, ஹாலுக்குப் பதிமூன்று என்று கடைக்காரர் ஒரு வாய்ப்பாடு ஒப்பிப்பார். ஹேவல்ஸ், பஜாஜ், உஷா, மார்ஃபி ரிச்சர்ட்ஸ், டிலாங்கி என்று எந்தப் பெயரை எடுத்தாலும் விலை இந்த ஃபின் கணக்கில்தான் ஏறுகிறது. ஏழாயிரம் ரூபாய் வாக்கில் தொடங்கிப் பதினைந்தாயிரம் வரை போகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழந்தையோ வயதானவர்களோ இரவு முழுக்கத் தூங்கும் படுக்கையறைக்கு ஆயில் ஹீட்டர் நல்ல சாதனம். 9 ஃபின், 2000 வாட் போதும். திறந்த ஹாலுக்கு வேண்டாம். குளியலறைக்கு வேண்டவே வேண்டாம். எந்த மாடலை எடுத்தாலும், அதற்கு முன் அந்த அறையின் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்க ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஒதுக்குங்கள். அதைச் செய்யாமல் வாங்கும் பதிமூன்று ஃபின் ஹீட்டர், செய்துவிட்டு வாங்கும் ஒன்பது ஃபின்னுக்கு ஈடாகாது.

தில்லிக் குளிரை வெப்பமானியில் மட்டும் பார்த்தால் அப்படியொன்றும் கடுமை இல்லை. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்சம் 7, 8 டிகிரி. 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரிக்கு இறங்கியது. அங்கே பதிவானதிலேயே குறைவு 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6. உண்மையான குளிர் மார்கழியும் தையும்தான். நம்மை வாட்டுவது வீட்டின் கட்டுமானம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிப்ஸ் (மொசைக்) அல்லது மார்பிள் தரை, மேலே ரோஷன்தான் எனப்படும் காற்றுச் சாளரம், ஜன்னலில் கூலர் வைக்க ஒரு பெரிய துளை. எல்லாமே மே, ஜூன் மாதங்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. வடக்குப் பார்த்த கீழ்த்தள அறையில் ஜனவரி இரவில் 12 முதல் 14 டிகிரி இருப்பது சகஜம். பனிமூட்டம் விலகாத நாட்களில் இன்னும் மோசம். வெயில் படாத சுவர் பகலில் சூடு வாங்குவதே இல்லை. 2019 டிசம்பர் 30 அன்று பகலின் அதிகபட்சமே 9.4 டிகிரிதான்.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. அப்படியானால் நமக்கு வேண்டியது ஐந்தாறு டிகிரி ஏற்றம். குளிர் நாட்டுக்காரர் போல 25 டிகிரி கேட்கவில்லை. தேவை இவ்வளவுதான் என்பதை மறக்காமல் கடைக்குள் நுழைய வேண்டும்.

ஃபின் என்ன செய்கிறது?

ஹீட்டரின் அடிப்பகுதியில் இரண்டு எலிமென்ட்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. 2000 வாட் மாடல் பலவற்றில் ஒன்று 800, இன்னொன்று 1200. முதல் நிலையில் 800 மட்டும், இரண்டில் 1200 மட்டும், மூன்றில் இரண்டும் சேர்ந்து ஓடும். சூடான எண்ணெய் ஃபின்களுக்குள் மேலேறி, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும். எண்ணெய் எரிவதில்லை, தீர்வதில்லை. வருஷாவருஷம் ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள்; அது வெல்டிங் செய்து மூடிய பாத்திரம்.

உள்ளே போகும் 2000 வாட் அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒன்பது ஃபின் வழியாக வந்தாலும் பதிமூன்று வழியாக வந்தாலும் அளவு ஒன்றே. ஃபின் கூடினால் பரப்பு கூடும், தகட்டின் மேற்பரப்பு அவ்வளவாகக் கொதிக்காது, குழந்தை கை வைத்தால் காயம் குறைவு. அது ஒரு நியாயமான லாபம். பதிலுக்கு எடை கூடும், சூடேற நேரம் கூடும், விலை கூடும். பதிமூன்று ஃபின் மாடல் அதிகச் சூடு தருவதாகத் தோன்றினால், அது பெரும்பாலும் 2500 வாட் மாடலாக இருப்பதால். 2900 என்று போட்டிருந்தால் 2500-உடன் சூடான காற்றை வீசும் 400 வாட் பிடிசி மின்விசிறி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த விசிறி முதல் அரைமணி நேரத்துக்கு உதவும். அதன் பிறகு சத்தமும் தூசியும்தான். தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த மாடலைத் தவிர்க்கலாம்.

மாறாக, 9 ஃபின்னில் 2500 வாட் அடைத்த மாடல் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். தகடு அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு கட்-அவுட் (சூடு மிஞ்சினால் தானே நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி குறுக்கிடும்.

இனி அறைக் கணக்கு. 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம். உள்ளே வெளியைவிட 10 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர் ஒன்று வழியாகச் சுமார் 200 வாட் போகும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக 100. குளிர்ந்து கிடக்கும் பக்கத்து அறைகளுக்கு 300 வாக்கில். காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறினால் 115 வாட். ஐந்து முறை மாறினால் கிட்டத்தட்ட 570. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் காங்கிரீட் தளம் மட்டும் இன்னொரு 300 வாட்டுக்கு மேல் விழுங்கும். ஆகவே நடுத்தளத்தில் இடுக்கடைத்த அறைக்கு 700, 800 வாட் போதும். இடுக்கடைக்காத பர்சாத்தி (மொட்டைமாடி) அறைக்கு 1500 வாட்டும் போதாது. இந்த வித்தியாசத்தை நான்கு ஃபின் கூட்டி ஈடுகட்ட முடியாது. 2000 வாட் எதற்கு என்றால், தொடக்கத்தில் குளிர்ந்த சுவரையும் கட்டிலையும் அலமாரியையும் சூடாக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கு. பிறகு 800-க்கு இறக்கிவிடலாம்.

முதலில் இடுக்கு

தூங்கும் அறையின் கதவுக்கு அடியில் 12 மில்லிமீட்டர் சந்து இருந்தால், மூன்றடிக் கதவுக்கு அது நான்கங்குலச் சதுர ஓட்டைக்குச் சமம். எங்கெங்கே காற்று வருகிறது என்று கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். மின்விசிறியை நிறுத்தி, மற்ற ஜன்னல்களைச் சாத்தி, குளியலறை எக்ஸாஸ்டை ஓடவிட்டு, ஊதுவத்தியைச் சட்ட ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை உள்பக்கம் சாயும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

கதவடிக்கு இரட்டைப் பஞ்சுக் குழாய் வைத்த துணி உறை போதும். கதவோடு சேர்ந்தே நகரும், கழற்றித் துவைக்கலாம், வாடகை வீட்டுக்கு அதுதான் தோது. சொந்த வீடென்றால் அலுமினியப் பட்டையில் பிரஷ் வைத்ததைத் திருகிவிடுங்கள்.

ஜன்னலில் வகை பார்க்க வேண்டும். பழைய டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட், அரசு குவார்ட்டர்ஸ் இரும்பு ஜன்னல்களில் அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறி, சட்டமும் லேசாக முறுக்கியிருக்கும். தட்டையான ஃபோம் டேப் அங்கே ஒரு மூலையில் நசுங்கி, எதிர்மூலையில் தொடவே தொடாது. ‘டி’ வடிவ ரப்பர் பட்டை, ஈபிடிஎம் என்று கேட்டு வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் தடிமன் போதும், நசுங்கினாலும் திரும்ப எழும். உரியும் பெயின்டைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மதியம் இரும்பு இளஞ்சூடாக இருக்கும்போது ஒட்ட வேண்டும். டிசம்பர் இரவில் ஒட்டினால் பசை பிடிக்காமல் பொங்கலுக்குள் தொங்கும். கார்த்திகையிலேயே இந்த வேலையை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

தனியார் கட்டி மாடிவாரியாக விற்கும் பில்டர் ஃப்ளோர்களில் இருக்கும் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு ஃபோம் டேப் ஆகாது. நாலு முறை தள்ளித் திறந்தால் கிழிந்துவிடும். அதன் ஓரங்களில் ரோமம் போன்ற பிரஷ் பட்டை முன்பே இருக்கும். சில வருஷங்களில் அது தேய்ந்து படிந்துவிடும். பழையதைக் கொஞ்சம் வெட்டிக் கொண்டுபோய் அதே அகலம், உயரத்தில் அலுமினியக் கடையில் வாங்கி மாற்றுங்கள். கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கூலர். ஜன்னலோடு பொருத்திய கூலரைக் கழற்ற முடியாவிட்டால் தொட்டியைக் காலிசெய்து, துடைத்து, பேடுகளை வெளியே எடுத்துவிட்டு, உள்பக்கம் 50 மில்லிமீட்டர் தெர்மோகோல் பலகையை அளவாக வெட்டி இறுக்கமாகச் சொருகுங்கள். ஓரத்துக்கு பிரவுன் டேப். வெளியே தார்ப்பாய் போர்த்துவது மழைக்கு உதவும், காற்றுக்கு உதவாது. ஸ்ப்ளிட் ஏசி குழாய் போகும் துளையை வெள்ளை புட்டியாலோ எம்-சீலாலோ மூடலாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து பபிள் ராப்பை ஒட்டினால் இரண்டு மாதம் நிற்கும். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

சமையலறை ரோஷன்தானை அடைக்கக் கூடாது. எரிவாயு எரியும் இடத்தில் காற்று வந்து போயே ஆக வேண்டும். கேஸ் கீஸர் வைத்த குளியலறைக்கு இது இன்னும் கறாரான விதி: கீஸரே குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத இடத்தில் அது ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமில்லை, நிறமில்லை, மயக்கம் வருவதற்குள் எழுந்து போகும் தெம்பு போய்விடும். மூடிய அறைக்குள் அங்கீட்டி (கரி அடுப்பு) மூட்டிக்கொண்டு தூங்கியவர்கள் இறந்த செய்தி வடக்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலாளிகள் குடியிருக்கும் சிறு அறைகளில் இது நடக்கிறது. உங்கள் கட்டடக் காவலாளிக்குக் குடியிருப்போர் சங்கம் மின்ஹீட்டர் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். தில்லியின் காற்று மாசுத் தடுப்புத் திட்டமே அதைச் சங்கங்களிடம் கேட்கிறது.

படுக்கையறையைப் பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு கால்மணி நேரம் முழுக்கத் திறந்துவையுங்கள். தில்லிக் காற்று அன்றைய பொழுதில் ஓரளவு தேவலாம் என்று இருப்பது அந்த நேரத்தில்தான். சுவரில் ஏறிய சூடு கால்மணியில் போய்விடாது.

ப்ளக், வயர், மீட்டர்

ஆயில் ஹீட்டர் பற்றிய புகார்கள் பலவும் ஹீட்டரின் குற்றம் இல்லை. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், 2500 என்றால் கிட்டத்தட்ட 11, 2900 என்றால் 12.6. இதை மணிக்கணக்கில் இழுக்கும் வேறு சாதனம் வீட்டில் ஏசி தவிர இல்லை. கீஸர்கூடப் பத்து, இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு மாட்டுவது, மொபைல் சார்ஜ் செய்யும் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுவது இரண்டுமே தீ விபத்துக்கு வழி. 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), உயிருள்ள எர்த். பழைய ஃப்ளாட்களில் அலுமினியக் கம்பி இன்னும் ஓடுகிறது. அது காலப்போக்கில் திருகடியில் தளர்ந்து, அந்த இடம் கொதிக்கும். வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு எளிய சோதனை. மூன்றாம் நிலையில் அரைமணி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. சாக்கெட்டை மாற்றும் வரை ஹீட்டர் போடாதீர்கள். ப்ளக் முனை பழுப்பாகிவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். கருகிய முனை புது சாக்கெட்டையும் கெடுக்கும்.

மீட்டரும் ஒரு விஷயம். அனுமதித்த லோடு 3 கிலோவாட் உள்ள வீட்டில், மார்கழி அதிகாலையில் கீஸர் 2000, ஹீட்டர் 2000, கெட்டில் 1500 சேர்ந்து ஓடினால் 5.5 கிலோவாட். மீட்டர் உச்சத் தேவையைக் குறித்துக்கொள்கிறது. அது தொடர்ந்து மீறினால் மின்நிறுவனம் லோடை உயர்த்தும், நிலையான மாதக் கட்டணம் கோடையிலும் அதே உயரத்தில் நிற்கும். திருப்பாவைக்கு எழுபவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கீஸரைப் போடும் பழக்கம் வைத்துக்கொண்டாலே போதும்.

பில் கணக்கு தில்லியில் வேறு மாதிரி. மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மாதம் 200 யூனிட் வரை பில் இல்லை. 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் மானியமே இல்லை. நான்கு பேர் வீட்டில் 15 லிட்டர் கீஸர் தினமும் நான்கு முறை நிரம்பிச் சூடானால் 3 யூனிட், மாதம் 90. ஃபிரிட்ஜ், விளக்கு, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து ஒரு 80, 90. இடுக்கடைத்த அறையில் ஆயில் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டில் (சூட்டைப் பார்த்துத் தானே நிறுத்திப் போடும் குமிழ்) நின்று நின்று ஓடி ஓர் இரவுக்கு 4 யூனிட் எடுத்தால் மாதம் 120. மொத்தம் 300 வாக்கில். இடுக்கடைக்காத அறையில் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி, 2000 வாட்டில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் இரவுக்கு 16, மாதம் 480. ஹீட்டர் ஒன்றே மானியத்தைத் தின்றுவிடும். சப்-மீட்டரில் ஒரே விலை வசூலிக்கும் வீட்டுக்காரர் வாய்த்தால் இந்த மானியக் கணக்கே உங்களுக்குப் பொருந்தாது. அந்த விலையால் நேராகப் பெருக்கிப் பாருங்கள். தில்லி எல்லைக்கு வெளியே உள்ள நொய்டா, குருகிராம்வாசிகளுக்கும் அப்படியே.

ஓட்டும் முறை

புது ஹீட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரங்களை மாட்டி நிமிர்த்தியதும் உடனே போடக் கூடாது. எண்ணெய் அடிக்கு வந்து எலிமென்ட்டை மூட ஒரு மணி நேரமாவது கொடுங்கள். எலிமென்ட் எண்ணெயில்லாமல் சூடேறினால் அங்கேயே கெடும். படுக்கவைத்து ஓட்டவே கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். முதல் முறை ஒன்றிரண்டு மணி நேரம் ஜன்னல் திறந்துவைத்து ஓட்டுங்கள். பெயின்ட் வாடை வரும், போய்விடும். டக், டக் என்ற சத்தம் தகடு விரிவதால் வருவது, பயமில்லை. தரையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது பயப்பட வேண்டிய விஷயம். வெல்டிங் விட்டிருக்கிறது, ப்ளக்கை எடுத்துவிடுங்கள். அதை ஒட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகாமல் வாரன்டியில் மாற்றுங்கள்.

தூங்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கதவைச் சாத்தி மூன்றாம் நிலையில் போடுங்கள். தகடு சூடேறக் கால்மணி, இருபது நிமிஷம். அறையில் தெரிய முக்கால் மணி, ஒரு மணி நேரம். படுக்கும்போது முதல் நிலைக்கு மாற்றி, தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திருகி, பிறகு ‘க்ளிக்’ சத்தம் கேட்டு விளக்கு அணையும் வரை மெல்லப் பின்னால் திருப்புங்கள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு குறி. அறை அந்தச் சூட்டிலிருந்து இறங்கினால் தானே போட்டுக்கொள்ளும். குமிழில் போட்டிருக்கும் எண்கள் டிகிரி அல்ல. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானியைக் கட்டில் உயரத்தில் வைத்துப் பார்ப்பதே சரி. 18 முதல் 20-க்குள் நின்றால் போதும், ரஜாய்ப் போர்வைக்குள் அதற்கு மேல் வியர்க்கும்.

இடம்: ஜன்னல் பக்கச் சுவரோரம். கண்ணாடியில் குளிர்ந்து கீழே சரியும் காற்றை அங்கேயே சூடு பிடித்துக்கொள்ளும். திரைச்சீலை மேலே விழக் கூடாது, கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி, சாக்கெட்டுக்கு நேர் கீழே இல்லாமல். ஈரத்துணியை மேலே காயப்போடுவது தில்லியில் எல்லோரும் செய்வது; அது இரண்டு வகையில் கெடுதல். துணி மூடினால் கட்-அவுட் விழுந்து ஹீட்டர் நின்றுவிடும், கட்-அவுட் பழுதாயிருந்தால் தீப்பிடிக்கும். துணியிலிருந்து போகும் நீராவி வடக்குச் சுவரிலும் பீரோவுக்குப் பின்னாலும் படிந்து கரும்பூஞ்சையாக வெடிக்கும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டுமா? பனிமூட்டக் காலத்துத் தில்லியில் தேவையில்லை. 8 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 41 சதவீதம் மிஞ்சும்; அது மனிதருக்குச் சுகமான அளவு. ‘ஆக்ஸிஜனை எரிக்காது’ என்று பெட்டியில் போட்டிருப்பது உண்மைதான், ஆனால் எந்த மின்ஹீட்டரும் எரிப்பதில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ப்ளோயரில் (விசிறி ஹீட்டர்) கண்ணும் மூக்கும் எரிவது, சூடான காற்று முகத்தில் அடிப்பதாலும் தூசி கிளம்புவதாலும்.

ஒரு துணைப்பயன் நம் வீடுகளுக்கு முக்கியம். 12 டிகிரி சமையலறையில் இட்லி மாவு ஒரு நாள் முழுக்க வைத்தாலும் எழும்பாது. ஹீட்டரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு ஸ்டூல் மேல் மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தால் காலைக்குள் பொங்கியிருக்கும். தரையில் வைக்காதீர்கள், அறையிலேயே குளிர்ந்த இடம் அது. ஹீட்டரின் மேலேயும் வைக்காதீர்கள். அடி மாவு வெந்து, மேல் மாவு அப்படியே இருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

வேறு என்ன வாங்கலாம்?

படிக்கும் மேசைக்கோ பூஜையில் உட்காரும் அரைமணிக்கோ 800 வாட் குவார்ட்ஸ் ராடு ஹீட்டர் போதும். போட்ட நொடியில் எதிரே இருப்பவருக்குச் சூடு, அறையைச் சூடாக்கக் காத்திருக்க வேண்டாம். தூங்கும்போது மட்டும் அதைப் போடாதீர்கள். சிவந்த கம்பியில் ரஜாய் நுனி பட்டால் போதும். ஹாலுக்கும் அதுவே மேல், ஏனென்றால் மாடிப்படி, சமையலறை எல்லாம் திறந்திருக்கும் ஹாலில் ஆயில் ஹீட்டரின் சூடு கூரைக்கும் பக்கத்து அறைகளுக்கும் போய்விடும்.

எப்படியும் இந்த வருஷம் ஏசி வாங்கப் போகிறவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், ‘ஹாட் அண்ட் கோல்டு’ இன்வெர்ட்டர் ஏசியைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆயில் ஹீட்டர் ஒரு யூனிட் சூடு தரும். இந்த வகை ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை இறைத்து உள்ளே தள்ளுவதால் தில்லிக் குளிரில் மூன்று யூனிட் வாக்கில் தரும். மேலிருந்து வீசும் காற்று சிலருக்குப் பிடிக்காது, வெளியே உள்ள யூனிட் அதிகாலையில் பனி உருக்க அவ்வப்போது நிற்கும். ஆனாலும் பில்லில் இதற்கு நிகர் வேறில்லை. வாடகை வீட்டில், வருஷா வருஷம் இடம் மாறுபவர்களுக்கு ஆயில் ஹீட்டரே சரி.

வாங்கும் இடம் எதுவானாலும், பகீரத் பேலஸ் மொத்தக் கடையோ பக்கத்து மார்க்கெட்டோ, பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 302 பாகம் 2 பிரிவு 30 என்ற எண்ணும், 16 ஆம்பியருக்கான தடித்த மூன்று முனை ப்ளக்கும் இருக்க வேண்டும். வயர் குறைந்தது ஒன்றரை மீட்டர். குட்டையாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் போடத் தோன்றும். சாய்ந்தால் நிற்கும் சுவிட்ச் உள்ளதா என்று கடையிலேயே போட்டு, லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தகடுகளின் கீழ்த் தையலில் விரலை ஓட்டி, எண்ணெய் ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். வாரன்டி அட்டையில் எண்ணெய்க் கசிவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஜனவரி முதல் வாரக் குளிரலையில் கடைக்கு ஓடினால் கேட்ட மாடல் இருக்காது. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிவிடுவது நல்லது.

மாசி பிறந்ததும் ஃபின்களுக்கு நடுவே உள்ள தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டி, ஈரமில்லாத துணியால் துடைத்து, வயரைத் தளர்வாகச் சுற்றி, நின்ற நிலையிலேயே உறை போட்டு வையுங்கள். பரணில் படுக்கவைத்தால் அடுத்த கார்த்திகையில் நிமிர்த்தியதும் மறுபடி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்த ஞாபகம் பலருக்கு இருப்பதில்லை.